வீட்டுக் கராஜுக்கு ஒரு நல்ல கொம்பிரசர்: வன்னியில் வாங்கப் போகிறவர்களுக்கு

போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தார். வீட்டோடு சின்னதாக ஒரு கராஜ் போடப் போகிறாராம். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கை உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டர் திருத்துவது, ரியூப்புக்கு ஒட்டுப் போடுவது, இடைக்கிடை பெயின்ற் அடிப்பது. ஒரு கடையில் பார்த்த கொம்பிரசரின் படத்தை ஃபோனில் காட்டினார். பளபளவென்று சிவப்பு நிறம், 100 லீற்றர் டாங்கி, சின்ன மோட்டர்.

"அண்ணை, டாங்கி பெரிசெண்டால் காத்தும் கூடத்தானே?"

"தம்பி, வீட்டிலை தண்ணித் தொட்டியைப் பெரிசாக் கட்டினால் கிணத்திலை ஊத்து கூடுமோ?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தொட்டி சேமித்து வைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தருவது ஊற்று. கொம்பிரசரிலும் அப்படித்தான்: ஊற்று என்பது மேலே இருக்கும் பம்ப், அதாவது பிஸ்டனும் ஹெட்டும். புதிதாக வாங்குகிற அநேகம் பேர் கீழே இருக்கும் டாங்கியைப் பார்த்து வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் மோட்டர் எரிந்த பிறகு வருகிறார்கள். அப்படி வந்தவர்களுக்குத் திருத்திக் கொடுத்துக் கொடுத்துத் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். என் பார்வையில் வன்னியில் ஒரு கொம்பிரசர் நம்பிக்கையானதா என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்யும். நிமிடத்துக்கு எவ்வளவு காற்றுத் தருகிறது? அதை உங்கள் வீட்டுக் கரண்ட் தூக்குமா? பழுதானால் பக்கத்து ஊரிலேயே திருத்தலாமா? பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு கொப்பியை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "எல்லா வேலையும்" என்று எழுத வேண்டாம். ஒரு வாரத்தில் உண்மையாக வரப்போகிற வேலையை எழுதுங்கள்.

காற்றின் அளவை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று சொல்வார்கள். கடையில் சிஎஃப்எம் என்பது அதைத்தான். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28 லீற்றர் காற்று. அழுத்தத்துக்குப் பி.எஸ்.ஐ அல்லது பார்; ஒரு பார் பதினாலரை பி.எஸ்.ஐ. சின்ன மெஷின்கள் பெரும்பாலும் 8 பாரில், அதாவது 115 பி.எஸ்.ஐ அளவில் தாமாக நிற்கும். அழுத்தம் எல்லா மெஷினிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் சிஎஃப்எம்மில்தான் இருக்கிறது.

காற்று அடிப்பதற்கும் ஒட்டுப் போடுவதற்கும் மட்டும் என்றால் எந்தச் சின்ன மெஷினும் போதும். மோட்டார் சைக்கிள் டயருக்கு 30 பி.எஸ்.ஐ சுற்றிவர இருந்தால் சரி. உழவு இயந்திரத்தின் பின் டயருக்கு அழுத்தம் அதைவிடக் குறைவு, ஆனால் கொள்ளளவு மிக அதிகம். 13.6-28 அளவு டயர் ஒன்றின் வயிறு 200 லீற்றருக்கு மேலே. முழுக்க இறங்கிய டயரை ஒரு பாருக்கு ஏற்ற இன்னும் அவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும். சின்ன மெஷினாலும் முடியும், நீங்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நட்டுக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் துவக்குக்கு 4, 5 சிஎஃப்எம் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது விட்டு விட்டு அழுத்தும் வேலைக்கான சராசரிக் கணக்கு. விசையைத் தொடர்ந்து பிடித்தால் அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். ஓட்டோச் சில்லின் நட்டுகளைக் கழற்றுவதென்றால் டாங்கியில் சேர்ந்த காற்றே சமாளித்துவிடும். லொறிச் சில்லென்றால் அது வேறு கதை.

பெயின்ற்தான் மெஷினைச் சோதிக்கிற வேலை. குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் எச்விஎல்பி துவக்குக்கு 8 முதல் 14 சிஎஃப்எம் வரை வேண்டும். அதுவும் நிற்காமல் வேண்டும். ஒரு மட்கார்ட், ஒரு பெற்றோல் டாங்கி மட்டும் அடிப்பதென்றால் சின்னக் கோப்பைத் துவக்கு போதும். அது 3, 4 சிஎஃப்எம்மில் வேலை செய்யும். காற்றில் சுற்றித் தேய்க்கும் சாண்டரும் மணல் வீசும் துவக்கும் பெயின்ற் துவக்கைவிடக் கூடக் குடிக்கும். வீட்டுக் கரண்டில் அந்த வேலைகளை நினைக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கரண்டில் ஓடும் சாண்டர் ஒன்றை வாங்குங்கள், காசும் மிச்சம்.

வன்னியில் இன்னொரு வேலையும் உண்டு. காலபோக அறுவடை நாட்களில் வைக்கோல் தூசு அடைத்த ரேடியேட்டரை ஊதிக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். நாள் முழுக்கக் காற்றுப் போகிற வேலை அது. அழுத்தத்தை 30, 40 பி.எஸ்.ஐக்குக் குறைத்து, இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். முழு அழுத்தத்தில் கிட்ட வைத்து ஊதினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், அப்புறம் ரேடியேட்டர் சூடு இறக்காது.

கொப்பியில் எழுதியவற்றில் ஆகக் கூடக் காற்றுக் கேட்கும் வேலை எது, அது வாரத்துக்கு எத்தனை முறை வரும் என்று பாருங்கள். அந்த வேலை கேட்கும் சிஎஃப்எம்மோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் தேட வேண்டிய இலக்கம்.

கரண்டைப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். வன்னியில் கொம்பிரசர் மோட்டர் எரிவதற்கு நான் கண்ட முதல் காரணம் கரண்ட். மெஷினின் குறையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ், பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு. 2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 10 அம்பியர் அளவு இழுக்கும். 3 குதிரைவலு 14 அம்பியரைத் தொடும், ஆகவே 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கில் அதைக் கொழுவக் கூடாது. ஆனால் ஓடும்போது இழுப்பது பெரிய விசயமில்லை. தொடங்கும் அந்த ஒரு விநாடியில் ஓட்டத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். 2 குதிரைவலுவுக்கு அது 50 அம்பியர் கிட்ட வரும்.

இப்போது வீட்டிலிருந்து கொட்டிலுக்கு 30 மீற்றர் தூரம் என்று வையுங்கள். ஒன்றரை சதுர மில்லிமீற்றர் வயரில் நீட்டுப் பெட்டி இழுத்திருக்கிறீர்கள். போக வர 60 மீற்றர் செம்பு. அதன் தடை ஏறத்தாழ 0.7 ஓம். 50 அம்பியர் அதனூடாகப் போகும்போது வயரிலேயே 35 வோல்ட் தொலைந்துவிடும். கம்பத்தில் 220 வந்தாலும் மோட்டருக்குப் போய்ச் சேர்வது 185. மோட்டர் தொடங்கும்போது சுழற்றும் வலு, அதாவது இழுவை, வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 185 என்றால் இழுவை முழுதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பிஸ்டனைத் தள்ள முடியாமல் மோட்டர் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு நிற்கும். அந்த உறுமலை அரை நிமிடம் விட்டால் சுருள் கருகிய வாசம் வரும்.

அதனால் கொட்டிலுக்குத் தனி வயர் இழுங்கள், 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல். 30 மீற்றரைத் தாண்டினால் 4. கொம்பிரசருக்குத் தனி சர்கிட் பிரேக்கர் வையுங்கள். மோட்டருக்கு ஏற்ற சி வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பி வகை தொடங்கும்போது விழக்கூடும். ட்ரிப் சுவிச்சும் ஏர்த்தும் கட்டாயம். கோடையில் எங்கள் மண் காய்ந்து கிடக்கும்போது ஏர்த்துக் கம்பி சரியாகப் பிடிக்காது; கம்பி இறக்கிய இடத்தில் இடைக்கிடை தண்ணீர் ஊற்றுவது நல்லது. டாங்கி முழுக்க இரும்பு. ஈரத் தரையில் நின்று அதைத் தொடுவது நீங்கள்தான்.

உங்கள் கரண்ட் எப்படி என்று காசு செலவழிக்காமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் தண்ணீர் மோட்டர் இருக்கும்தானே. கொட்டிலில் உள்ள பிளக்கில் மல்ற்றி மீற்றரை வைத்துக்கொண்டு, அதே வயரில் தண்ணீர் மோட்டரை ஒருவரைப் போடச் சொல்லுங்கள். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கும் ரீவியும் ஓடும் நேரத்தில் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 215க்குக் கீழே காட்டினாலோ, மோட்டர் தொடங்கும்போது 200க்குக் கீழே விழுந்தாலோ 2 குதிரைவலுவுக்கு மேலே போகாதீர்கள். அந்த நேரத்தில் கொம்பிரசர் வேலையை வைக்கவும் வேண்டாம். கம்பத்திலேயே குறைவாக வருகிறதென்றால் கரண்ட் தரும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மோட்டர் தொடங்கும் இழுப்பைத் தாங்கும் ஸ்டெபிலைசரின் விலைக்கு இன்னொரு கொம்பிரசரே வாங்கலாம்.

பெரிய கராஜாக வளர்க்கும் எண்ணம் இருந்தால் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு முதலே விண்ணப்பியுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டரில் தொடக்கக் கப்பாசிட்டர் கிடையாது. பழுதாவதற்கு ஒரு பொருள் குறைவு.

கரண்ட் எட்டாத தோட்டக் காணியில் வேலை என்றால் பெற்றோல் எஞ்சினில் பெல்ட் போட்ட கொம்பிரசர் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் எஞ்சின்போலத்தான் அதுவும். எஞ்சின் தானாக நிற்காது என்பதால், டாங்கி நிறைந்ததும் காற்றை வெளியே விட்டு எஞ்சினைச் சும்மா ஓட வைக்கும் வால்வு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். புகைக்குழாயையும் காற்று உறிஞ்சும் வாயையும் எதிரெதிர்ப் பக்கமாக வையுங்கள்.

நேரடி ஓட்டமா, பெல்ட்டா, ஒயில் இல்லாததா

கடையில் மூன்று சாதி நிற்கும்.

ஒயில் இல்லாத மெஷின் பாரம் குறைவு, தூக்கிக்கொண்டு போகலாம், சிலவற்றில் சத்தமும் குறைவு. வீட்டில் ஆணி அடிக்க, சோபா தைக்க, சைக்கிளுக்குக் காற்று அடிக்க நல்லது. கராஜில் அதன் ஆயுள் குறுகியது. பிஸ்டன் வளையம் தேய்ந்தால் அதே கம்பனியின் உதிரி வேண்டும், அது கிடைக்கும் வரை மெஷின் மூலையில் கிடக்கும்.

மோட்டரின் தண்டிலேயே பிஸ்டன் பூட்டிய ஒயில் மெஷின் விலை குறைவு. 50 ஹேர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடுகிற சின்ன பம்ப் அது. காது அடைக்கும், சீக்கிரம் சூடாகும். ஒட்டுப் போடும் கடைக்குப் போதும்.

பெல்ட் போட்டதுதான் கராஜுக்கு. பம்ப் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுமாரில் நிதானமாக ஓடும். பெரிய சக்கரமே காற்றாடி, ஹெட்டுக்கு மேலே ஊதிக்கொண்டேயிருக்கும். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று: மோட்டர் வேறு, பம்ப் வேறு, டாங்கி வேறு. ஒன்று போனால் ஒன்றை மாற்றலாம். மோட்டரைச் சுருள் சுற்றுகிறவர்கள் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள், வவுனியாவிலும் இருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் நெல் ஆலைக்குச் சாமான் விற்கிற கடையில் அதே இலக்கத்தைச் சொல்லி வாங்கலாம். பேரிங் எங்கும் கிடைக்கும் இலக்கம்தான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வேலை செய்தவர். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். பழைய ரியூப்பில் வாஷர் வெட்டி, கேஸ்கட்டைக் கடதாசி மட்டையில் வெட்டி ஒயிலில் ஊறவைத்துப் போடுவார். ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் அவர் முதலில் பார்ப்பது, இதைக் கழற்ற முடியுமா என்பதைத்தான். இன்று ஏ9 வீதியில் எந்தச் சாமானும் வந்து இறங்குகிறது. ஆனாலும் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ கராஜ் வைத்திருக்கிறவருக்கு ஒரு சின்ன உதிரிக்காகக் கொழும்புக்கு ஆள் பிடிப்பது இரண்டு நாள் வேலை. கழற்றவும் பூட்டவும் முடிந்த மெஷினை வாங்குங்கள்.

என் தெரிவைக் கேட்டால்: மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லாண்ட்மாஸ்டர் வேலை, இடைக்கிடை சின்ன பெயின்ற் என்றால் 2 குதிரைவலு, பெல்ட், 50 லீற்றருக்குக் குறையாத டாங்கி. கிழமைக்கு ஒரு முழு வண்டிக்குப் பெயின்ற் அடிப்பதென்றால் 3 குதிரைவலு, 100 லீற்றர், தனி வயர். ஒன்றரைக் குதிரைவலு மோட்டருக்கு 100 லீற்றர் டாங்கி பொருத்தியதை வாங்க வேண்டாம். நிறையும் வரை மோட்டர் ஓய்வில்லாமல் ஓடும். சின்னப் பிஸ்டன் மெஷின்கள் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆறுவதற்குத்தான் செய்யப்பட்டவை.

கடையில் என்ன கேட்பது

மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். குதிரைவலுவைக் கூட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது, அம்பியரைப் பாருங்கள். "3 எச்பி" என்று பெரிதாக எழுதி, கீழே 6 அம்பியர் என்று இருந்தால் கணக்குப் போடுங்கள்: 230ஐ 6ஆல் பெருக்கினால் 1380 வாட். ஒரு குதிரைவலு 746 வாட். மோட்டரில் வீணாகப் போவதைக் கழித்தால் அது ஒன்றரைக் குதிரைவலுவைத் தாண்டாது.

சிஎஃப்எம்மிலும் இரண்டு கணக்கு இருக்கிறது. பிஸ்டன் உறிஞ்சும் கொள்ளளவை வைத்துச் சொல்வது ஒன்று, குழாயால் வெளியே வருவதைச் சொல்வது இன்னொன்று. சின்ன மெஷினில் வெளியே வருவது, உறிஞ்சுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தகட்டில் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் குறை நினைக்க வேண்டாம், நாமே அளக்கலாம்.

அந்தத் தம்பியோடு நானே கடைக்குப் போனேன். மெஷினைப் போடச் சொன்னோம். அழுத்தம் காட்டும் கேஜ் 6 பாரைத் தொட்டதும் ஃபோனில் விநாடிக் கணக்கைத் தொடக்கினார், 8 பாரைத் தொட்டதும் நிறுத்தினார். 50 லீற்றர் டாங்கியில் 2 பார் ஏறினால் 100 லீற்றர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த மெஷினுக்கு 38 விநாடி எடுத்தது. 100ஐ 38ஆல் பிரித்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 158 லீற்றர், அதாவது ஐந்தரை சிஎஃப்எம். தகட்டில் 8.5 என்று போட்டிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது, உறிஞ்சும் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற சிவப்பு மெஷினில், அதுதான் அவர் படத்தில் காட்டிய 100 லீற்றர் டாங்கி, அதே 2 பார் ஏற இரண்டு நிமிடத்துக்கு மேலே போனது. இரண்டு நிமிடத்தில் 200 லீற்றர் என்றால் நிமிடத்துக்கு 100 லீற்றர்கூட இல்லை, மூன்றரை சிஎஃப்எம்தான். தம்பி ஒன்றும் பேசாமல் சிவப்பை விட்டுத் தள்ளி நின்றார்.

ஐந்தரை சிஎஃப்எம் மெஷினில் 10 சிஎஃப்எம் குடிக்கும் பெயின்ற் துவக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் டாங்கியில் 2 பார் இறங்க முக்கால் நிமிடம்தான். அப்படியே இறங்கி அழுத்தம் போதாமல் போனதும் துவக்கு துப்பத் தொடங்கும். இதைத் தெரிந்துகொண்டு, சின்னத் துவக்கோடு பகுதி பகுதியாக அடிப்பவருக்கு அந்த மெஷின் போதும்.

ஓடும்போது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். மெஷின் தானாக நிற்கும்போது "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்து உடனே அடங்க வேண்டும். புதியவர்கள் அதைக் கேட்டுக் காற்றுக் கசிகிறது என்று பயப்படுவார்கள். ஹெட்டிலும் குழாயிலும் நிற்கும் அழுத்தத்தை விடுகிற சத்தம் அது. அடுத்த முறை மோட்டர் பாரமில்லாமல் தொடங்குவதற்காக. அந்தச் சத்தம் வராவிட்டால்தான் பிழை. நிறுத்தாமல் வந்துகொண்டேயிருந்தால் டாங்கியிலிருந்து காற்றைத் திருப்பி விடாத வால்வு பிடிக்கவில்லை. பிறகு சேஃப்டி வால்வின் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், காற்று வெடித்து வந்து, விட்டதும் மூட வேண்டும். நிறைந்த டாங்கியோடு மெயினை நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்து கேஜைப் பாருங்கள். ஊசி அசைந்திருக்கக் கூடாது. பெல்ட் மூடி இல்லாத மெஷினை, வீட்டில் பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பழைய மெஷின் வாங்குகிறவருக்கு

பழையது வாங்குவதில் பிழையில்லை, நானும் பழையதில்தான் தொடங்கினேன். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள்.

ஒன்று, ஜப்பானிலிருந்து வந்த ரீகொண்டிஷன் மெஷின். பம்ப் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. மோட்டர்தான் சிக்கல். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், பட்டறைக் கரண்ட் மூன்று ஃபேஸ் 200 வோல்ட். எங்கள் 230இல் 100 வோல்ட் மோட்டரைக் கொழுவினால் புகைதான். எங்கள் மூன்று ஃபேஸ் 400 வோல்ட், அதற்கும் ஒத்து வராது. பெல்ட் மெஷினென்றால் மோட்டரைக் கழற்றிவிட்டு எங்கள் கரண்டுக்கான மோட்டரைப் பூட்டலாம். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். பம்பின் சுற்று வேகம் மாறாமல், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் பொருத்த வேண்டும்.

மற்றது டாங்கி. அடியில் தண்ணீர் இறக்கும் வாயைத் திறந்து வருவதைக் கையில் பிடியுங்கள். கொஞ்சம் மங்கலான தண்ணீர் வந்தால் பரவாயில்லை. செங்கல் கரைத்ததுபோலத் துருவும் செதிலும் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டாங்கியின் வயிற்றில் அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மற்ற இடத்தில் கணீரென்று வந்து அங்கே மட்டும் மந்தமாக வந்தால் தகடு தின்றிருக்கிறது. வெல்டிங் ஒட்டுப் போட்ட டாங்கியை இனாமாகத் தந்தாலும் கொண்டுவர வேண்டாம். 8 பார் என்பது ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் 8 கிலோவுக்கு மேலே தள்ளும் பாரம். ஒரு துளையால் மெதுவாகப் போகும் என்று நினைக்கக் கூடாது, டாங்கி கிழிந்தால் கொட்டில் கூரையைக் கொண்டு போகும். சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் நசுங்காது என்பதால், அப்படிப் பார்க்கும்போது டாங்கி விட்டுக்கொடுத்தாலும் வெடிக்காது, ஒழுகும்.

ஃபிரிட்ஜ் கொம்பிரசரையும் பழைய காஸ் சிலிண்டரையும் பூட்டிச் செய்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்க அது ஓடும், ஆனால் சிலிண்டரைத் துளைக்கும்போதோ வெல்ட் பண்ணும்போதோ உள்ளே ஒட்டியிருக்கும் காஸ் பற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் செய்வதில்லை, செய்து தரச் சொல்லிக் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

மெஷினைச் சமமான சீமெந்துத் தரையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நிழலில் வையுங்கள். புல்லிப் பக்கம் காற்றோட்டம் வேண்டும். சத்தத்துக்காகத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மெஷின் தன் சூட்டிலேயே வேகும். முதல் முறை ஒயில் இல்லாமல் போட்டு எரித்தவர்கள் பல பேர். பெட்டியில் ஒயிலை வடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பம்பின் ஒயில் கண்ணாடியில் உள்ள சிவப்புப் புள்ளியின் நடுவுக்கு ஊற்றுங்கள். கொம்பிரசர் ஒயில் 100 இலக்கம் எங்கள் வெயிலுக்குச் சரி. எஞ்சின் ஒயில் வால்வுத் தகட்டில் கரி பிடிக்கும். முதல் ஒயிலைக் கைநூலில் சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், புது இரும்பின் பொடி அதில் இருக்கும்.

காற்றுக் குழாய்க்கு வீட்டுத் தண்ணீர் பிவிசிக் குழாயைப் போடாதீர்கள். அழுத்தத்தில் அது கண்ணாடிபோலச் சிதறும். இரும்புக் குழாய் போடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்துக்கென்றே விற்கும் ஓஸ் போதும்.

அடுத்தது தண்ணீர். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் டாங்கி ஒன்றுக்குக் கறுப்பு அடித்தேன். கடைசிப் பூச்சில், துவக்கு ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். கறுப்பின் மேலே மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விரிந்துவிட்டது. முழுவதையும் தேய்த்துத் திரும்ப அடிக்க இரண்டு நாள் போனது. அன்று காலை நான் கொம்பிரசர் டாங்கியின் தண்ணீரை இறக்கவில்லை.

30 பாகையில் ஈரம் நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் 30 கிராம் தண்ணீர் இருக்கும். மாரியில் நிமிடத்துக்கு 160 லீற்றர் தரும் மெஷின் ஒரு மணித்தியாலத்தில் பாதி நேரம் ஓடினாலே ஒரு சின்ன பிளேன்ரீக் கப் அளவு தண்ணீர் சேர்ந்துவிடும். அதில் கொஞ்சம் டாங்கி அடியில் நிற்கும், மீதி சூடான ஆவியாகக் குழாயில் போகும். தண்ணீர் பிடிக்கும் கோப்பையை மெஷினிலேயே பூட்டினால் சூடான ஆவி அதைத் தாண்டிப் போய், ஓஸுக்குள் ஆறித்தான் தண்ணீராகும். ஐந்தாறு மீற்றர் இரும்புக் குழாய் ஓடவிட்டு, காற்று ஆறிய பிறகு, துவக்குக்குக் கிட்ட அதைப் பூட்டுங்கள். குழாயை மெஷின் பக்கமாகச் சரித்து இழுத்தால் தண்ணீர் திரும்பி ஓடும்.

சோளகம் வீசும் மாதங்களில் தண்ணீர் குறையும், புழுதி கூடும். கிறவல் வீதி ஓரம் கராஜென்றால் உறிஞ்சும் வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். அடைத்த வடிகட்டியோடு ஓடும் மெஷின் நிறைய நேரம் எடுக்கும், சூடாகும், ஒயிலையும் மேலே இழுக்கும். முதல் நாள் கடையில் எடுத்த அந்த 38 விநாடியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். 45, 50 என்று ஏறினால் முதலில் வடிகட்டி, அடுத்தது பெல்ட், அதற்கும் பிறகு வால்வுத் தகடு என்ற வரிசையில் பாருங்கள். பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்றிமீற்றர் இறங்க வேண்டும். அதைவிடத் தொய்ந்தால் வழுக்கும், இறுகினால் பேரிங்கைத் தின்னும்.

கடைசியாக, மெஷின் திடீரென்று தொடங்காமல் போனால் மோட்டரைக் கழற்றுவதற்கு முன் மெயினை நிறுத்திவிட்டு, அழுத்தம் ஏறியதும் மோட்டரை நிறுத்தும் பிரஷர் சுவிச்சின் மூடியைத் திறந்து பாருங்கள். எறும்பு புகுந்து இணைப்புகளுக்கிடையே நசுங்கிக் கிடக்கும், சிலவேளை ஒரு பல்லி. வயர் போகும் துளையை ரப்பரால் அடைத்துவிட்டால் அது தீரும். கொஞ்ச நாள் ஓடாமல் நின்ற மெஷினில் உறிஞ்சும் வாயையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். அந்தத் தம்பி தன் மெஷினுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்துக் கம்பியால் கட்டிவிட்டிருக்கிறார். நானும் இப்போது அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.